பென்சிலில் எழுதிய காரணம்

ஒருவர் என்னிடம் இரண்டு வாக்கியங்கள் சொன்னார். முதல் வாக்கியத்தை மட்டும் அச்சில் ஏற்றினேன். இரண்டாவதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் திருத்த நேரம் இருந்தது, திருத்தவில்லை. அச்சுக்குப் போய்விட்டது என்று பொய்யும் சொன்னேன். அதனால் வந்த கஷ்டம் முழுவதும் அவருக்குத்தான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஓர் ஆதாரத்தை எதுவரை நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் முதலாண்டு மாணவர்களுக்கு நான் நடத்திய முதல் பாடம்.

அன்று கட்டுரையில் அவர் பெயரை இனிஷியலோடு, பதவியோடு போட்டேன். இங்கே போடப்போவதில்லை. எங்கள் சர்ச் சபையில் அவரை பலூன் அக்கா என்பார்கள். நான் மேடம் என்பேன்.

வானிலைத் துறையில் பலூன் விடுகிற பிரிவில் அவருக்கு வேலை. விடிவதற்கு முன் ஒன்று, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்று என்று தினமும் இரண்டு பலூன்கள். ஆள் உயரப் பலூனில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி மேலே விடுவார்கள். வானத்தில் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அது சொல்லிக்கொண்டே போகும். மேலே போகப் போகப் பெருத்து, கடைசியில் வெடித்துவிடும். முப்பது வருடம் இதைச் செய்து ஓய்வு பெற்றபின், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு தெருவில் கீழ்த்தள வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் ஒரு மழைமானி. காலை எட்டரைக்கு அதைப் பார்க்காமல் அவர் டீ குடித்ததில்லை.

வானத்தில் எதையாவது பார்த்துவிட்டவர்கள் அவரைத் தேடி வருவார்கள். யாரிடமும் அவர் சிரித்ததில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

கேட்டது என்றால் பார்த்தவரை அழைத்து வரச் சொல்வார். பார்த்தது என்றால் கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாக வைத்து, அடிவானத்துக்கு மேலே எத்தனை விரல் உயரம் என்று அளக்கச் சொல்வார். நேரம், திசை, எத்தனை நிமிடம் எல்லாம் நோட்டில் ஏறும். காரணம் தெரியும்வரை அந்த வரி முழுவதும் பென்சிலில் இருக்கும். காரணத்தைச் சரிபார்த்தபின் அழித்துவிட்டு, மைப் பேனாவால் புதிதாக எழுதுவார். சரிபார்க்க முடியாதது வருடக்கணக்கில் பென்சிலிலேயே கிடக்கும். அதற்கு நேரே, 'தெரியல.' பேசுகிறபடியே எழுதுவார்.

காகிதத்தில் அவருக்குச் சிக்கனம் அதிகம். ஒரே நோட்டில் முன்பக்கத்திலிருந்து மழை, தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வானம். மழை அவரே அளந்தது என்பதால் நேராகப் பேனாவில் எழுதிவிடுவார். இந்தச் சிக்கனம் பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பியது.

பம்மலிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வந்தது நினைவிருக்கிறது. அன்று நானும் அங்கே இருந்தேன். மூன்று நாளாக ஒரு வெளிச்சம் தன் வண்டிக்கு முன்னாலேயே போகிறது என்றார்.

"நான் நின்னா அதுவும் நிக்குது மேடம். நான் போனா அதுவும் போய்கினே கீது. சவாரி இன்னா நெனிக்கும், எனக்கே கை ஒதறுது."

மேடம் அலமாரியிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர் வீட்டில் அது எதற்கு என்று சபையில் ஒரு முணுமுணுப்பு உண்டு. எந்தக் கிரகம் எப்போது மறைகிறது என்பது அதில் சுருக்கமாக இருக்கிறது, பலன்களை நான் படிப்பதில்லை என்பார். பக்கத்தைப் பார்த்ததும் அது சுக்கிரன்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் பல்லாவரம் போய், அந்த ஆட்டோவிலேயே ஏறி, பம்மல் வரைக்கும் கையை வெளியே நீட்டி விரல் வைத்துக்கொண்டே போனாராம். இறங்கியபின் விளக்கினார். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தாராம். பிறகு கேட்டிருக்கிறார்: "அப்போ அது எனக்கோசரம் வரலியா மேடம்?"

அந்தக் கேள்வியையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். ஒருமுறை ஒரே சம்பவத்தைப் பற்றி ஐந்து இணையதளங்களில் வந்ததை அச்செடுத்துக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் சொல்வது பொய்யாக இருக்குமா என்பது அவர்கள் வாதம். மேடம் ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பினார். ஐந்திலும் அதே ஊர்ப் பெயர் அதே மாதிரித் தப்பாக இருந்தது. "இது அஞ்சு சாட்சி இல்லப்பா. ஒரு சாட்சி, நாலு ஜெராக்ஸ்" என்றார். பிறகு, தான் எதை நம்புகிறார் என்பதையும் சொன்னார்: தன் பேரைப் போடுகிறவர்கள், எங்கே எடுத்தது என்று சொல்கிறவர்கள், முன்னால் எழுதியது தப்பு என்று தெரிந்தால் அதையும் அதே இடத்தில் எழுதுகிறவர்கள். கடைசியாகச் சொன்னது அபூர்வம், அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள் என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

எல்லாமே புரளி என்று கையை வீசுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. எங்கள் சபை மூப்பர் ஒருவர் அப்படிப்பட்டவர். "நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களா ஐயா? இல்லன்னா 'இல்லை'ன்னு சொல்றதும் கேட்டதுதான்" என்று அவரை நிறுத்தினார்.

இனி என் விஷயம். ஓய்வுக்குப் பிறகு, தாம்பரம் பக்கம் வீடு வீடாக இலவசமாகப் போடும் ஒரு வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஏரிகள், பழைய சாலைகள், கல்லறைத் தோட்டங்கள் பற்றியெல்லாம் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சூரியன் இறங்கி, கீழே தெருவிளக்கு எரிந்துவிட்டது. சதுப்பு நிலத்துக்கு மேலே, வெகு உயரத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. நட்சத்திரத்தைவிடப் பெரிது. அசையவில்லை. கர்த்தர் வருகிறாரோ என்று யாரோ மெல்லக் கேட்க, "வர்றவர் இப்படி நின்னு யோசிச்சுகிட்டா இருப்பார்?" என்றார் பாஸ்டரம்மா. எல்லோரும் சிரித்தோம். கால் மணி நேரம் இருந்தது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இல்லாமல் போய்விட்டது. அணையவில்லை, நகரவில்லை. சட்டென்று இல்லை. சிரிப்பு நின்றது.

மேடம் விரல்களை இறக்கி, கடிகாரத்தைப் பார்த்து, குறித்துக்கொண்டார். என்ன மேடம் அது என்றேன்.

"இப்போதைக்கு எனக்குத் தெரியல சார். எங்க பலூனா இருக்கலாம், நாளைக்குக் காலைல ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

பலூன் அந்த உயரத்தில் இருக்கும்போது, நமக்கு இருட்டினாலும் அதன்மேல் வெயில் பட்டுக்கொண்டிருக்கும். வெடித்தால் அப்படித்தான் காணாமல் போகும் என்றும் விளக்கினார். விட்ட நேரமும் வெடித்த நேரமும் பொருந்தினால்தான் பேனாவில் எழுத முடியும் என்றார்.

அன்று இரவே வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன். 'வானிலை அதிகாரிக்கே தெரியாத ஒளி!' என்று தலைப்பு. உள்ளே அவர் பெயர், முப்பது வருட அனுபவம், 'எனக்குத் தெரியல' என்ற அவருடைய சொல். அதோடு நிறுத்தினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "சார், நம்ம பலூன்தான். விட்ட நேரம், வெடிச்ச நேரம் ரெண்டும் கேட்டுட்டேன். சரியா வருது. நீங்க எழுதறதா இருந்தா இதையே எழுதிடுங்க."

கட்டுரை என் மேசைமேல் இருந்தது. அச்சகத்து ஆள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்.

"அச்சுக்குப் போயிடுச்சே மேடம்" என்றேன்.

பத்திரிகை வந்ததும் நடந்தது எனக்கே அதிர்ச்சி. அதுவரை என் பத்தியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் அதன்மேல் வடகம் காயவைத்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது போன் நிற்கவில்லை. வாட்ஸப்பில் என் கட்டுரையின் படம், எனக்குத் தெரியாதவர்களிடமிருந்து எனக்கே வந்தது. ஒரு யூடியூப்காரப் பையன் மேடம் வீட்டு கேட்டைப் படம்பிடித்துப் போட்டான். பைக்கில் போகிறவர்கள் 'ஏலியன் ஆன்ட்டி' என்று கத்திவிட்டுப் போனார்கள். நோட்டோடு அவரிடம் வந்துகொண்டிருந்தவர்கள் குறைந்து, செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் கூடினார்கள்.

அவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்த ஒரு வரியின் கீழே பென்சிலில் கோடு போட்டிருந்தார்.

"இது நான் சொன்னதுதான். இதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேனே சார்?"

"இடம் பத்தல மேடம்."

கட்டுரைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தார். பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இதே சமயத்தில் அவர் தெருவுக்கு ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. அவர் தெருக்கோடியில், மழைத் தண்ணீர் சதுப்பு நிலத்துக்குப் போகும் ஒரு கால்வாய் இருந்தது. கட்டடம் கட்டுகிற ஒருவர் அதை மண் போட்டு மூடிவிட்டார். தெருக்காரர்கள் வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே உறுதியான ஆதாரம் மேடத்தின் நோட்டு. கால்வாய் இருந்த வருடங்களில் எவ்வளவு மழைக்கு அவர் கேட்டில் எவ்வளவு தண்ணீர், மூடியபின் அதே மழைக்கு எவ்வளவு என்று நாள்வாரியாக அதில் இருந்தது. அடுத்த மழைக்குள் கால்வாய் திறக்காவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்பத்திரண்டு பக்கங்களுக்கு நகல் கொடுத்திருந்தார்கள். விசாரணை நாளில் அசல் நோட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தார். என் தலைப்பை, என் ஆச்சரியக்குறியோடு, அவர் குரலில் கேட்டேன்.

"ஒரே கையாலதான் மழையையும் அளந்தீங்க, பறக்கும் தட்டையும் அளந்தீங்க. கரெக்டா மேடம்?"

அறையில் சிரிப்பு.

"கை ஒண்ணுதான் சார். ரெண்டையும் பாத்துட்டுத்தான் எழுதினேன். பறக்கும் தட்டுன்னு ஒரு எடத்துலயும் எழுதல. படிச்சுப் பாருங்க."

"பேப்பர்ல வந்திருக்கே?" என்றார் அதிகாரி.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. யாராவது ஒரு நேரம் சொல்வார்கள், குறித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் அதே பார்வை. மூன்றாவது நாற்காலியில் இருந்த நான் எழுந்து நின்று ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். கோப்பு மூடப்பட்டது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் கேட்டார்: "ஏன் சார்?"

"ஏதோ அவசரத்துல, மேடம்..."

நின்றபடியே நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். பென்சில். அதற்குமேல் பஸ்ஸில் என்னிடம் அவர் பேசியது, ஜன்னலை மூடலாமா என்பது மட்டும்தான்.

அந்த வாரமே மறுப்பு எழுதினேன். அது பலூன், மேடம் மறுநாள் காலையிலேயே சொன்னார், மறைத்தது நான், பொய் சொன்னதும் நான் என்று முழுவதும் எழுதினேன். அதிகாரியிடம் போய்க் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கோப்பு மூடியாகிவிட்டது, மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள் என்றார். மேல்முறையீட்டுக்குத் தெருவில் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை.

மறுப்பைப் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று தெரிந்தபோது நான் ஆடிப்போய்விட்டேன். யூடியூப்காரப் பையன் வீட்டுக்கே வந்தான்.

"யாரு சார் வந்து பேசுனாங்க? உங்க முகத்த மறைச்சே போடறோம்."

"யாரும் வரலப்பா. நான்தான் பொய் எழுதினேன்."

"புரியுது சார்." குரலைத் தாழ்த்தினான். "வீட்ல இருக்கறவங்கள நெனச்சு பயப்படறீங்க."

அடுத்த வீடியோவின் தலைப்பு, 'பேராசிரியரை மிரட்டியது யார்?' நான் எழுதிய பொய்யை ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள் என்றால், அது பொய் என்று நான் சொன்னதை வைத்து அதைவிட அதிகம் பேர் அதை நம்பினார்கள். மேடத்திடம் போய்ச் சொன்னேன். "முதல்ல கேட்டதத்தான் சார் எல்லாரும் பாத்ததா நெனச்சுக்கறாங்க" என்றார். காபி கொடுத்தார். வழக்கமான பிஸ்கட் இல்லை.

அந்த ஐப்பசியில் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வந்தது. காலை எட்டரைக்கு மாடியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே வந்துவிட்டது. இறங்குவதற்குள் கீழ் அலமாரி முழுகியிருந்தது. இத்தனை வருட நோட்டுகளும் அதில்தான் இருந்தன.

வடிந்தபின் அவற்றைச் சாக்கில் அள்ளி என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தேன். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, நாலு நாள் வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். மைப் பேனாவில் எழுதியது எல்லாம் கரைந்து, தாள் முழுக்க வெளிர் நீலமாகப் பரவியிருந்தது. மழைக் கணக்கு ஒரு எண்கூட மிஞ்சவில்லை. சுக்கிரன் இல்லை, பலூன் இல்லை. பென்சிலில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'தெரியல', 'தெரியல'. அவர் தேடிக் கண்டுபிடித்ததெல்லாம் போய், அவருக்குத் தெரியாதவை மட்டும் நின்றன. நான் பத்திரிகையில் செய்ததைத் தண்ணீர் நோட்டில் செய்திருந்தது.

கடைசி நோட்டின் பின்பக்கத்தில், விசாரணை நாளின் தேதியில் ஒரு வரி. 'சார் பாதி மட்டும் எழுதினார். பார்த்தவர்: நான். காரணம்: தெரியல.'

காய்ந்த நோட்டுகளை வாங்கிக்கொள்ள வந்தபோது, நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது. காத்திருந்தார். நான் நோட்டுகளை எண்ணிப் பையில் அடுக்கிக் கொடுத்தேன். வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மூடிய கோப்பில் நகல் இருக்குமே என்று எனக்கு உறைக்கவே சில மாதங்கள் ஆயின. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முதலில் கிடைக்கவில்லை என்றார்கள். மேல்முறையீடு செய்தேன். கடைசியில் ஒரு கட்டு வந்தது. அவருடைய மழை, அவருடைய எண்கள். எந்த நோட்டை நம்ப முடியாது என்றார்களோ, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை நகல்' என்று அவர்களே முத்திரை குத்தியிருந்தார்கள்.

அதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். கூடவே, பஸ் ஸ்டாப்பில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில். அவசரம் இல்லை மேடம் என்று எழுதினேன். நான் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை, ஒருமுறையாவது படிக்கட்டும் என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி: முப்பத்திரண்டு வருடம் ஆதாரம் பற்றிப் பாடம் நடத்தியவன் நான், என்னைத் தேடி ஒரு மாணவன்கூட வந்ததில்லை, பொத்தேரியிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து உங்களிடம் வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வாயால் 'தெரியல' என்று வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவுதான் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இன்லாண்ட் கடிதம். சுகம் விசாரிக்கவில்லை. கட்டு வந்தது, எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு தாள் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பதினேழாம் பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது, பதினெட்டு இல்லை. நீங்கள் எழுதிய காரணத்தை அந்த வரிக்கு நேரே குறித்துக்கொண்டேன். நீங்கள் சொல்லிக் கேட்டதுதான், நான் பார்த்தது இல்லை என்பதால் பென்சிலில்.

பல முறை படித்தேன். முதலில் நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு, அவர் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்று தோன்றியது.

பதினெட்டாம் பக்கத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன்.